மூன்றாவது விமானம்

கொடும்பாளூர் மூவர் கோயிலைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டு விமானங்களையே பார்த்திருப்பார்கள். நேரில் போனாலும் நிற்பவை இரண்டுதான். மூன்றாவது இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. படம் எடுக்க வருபவர்களுக்கு அது பயன்படுவதில்லை. இரண்டும் சட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கும் இடமாகப் பார்த்து நிற்கிறார்கள்.

நடு விமானத்தில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. இருக்குவேள் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயரிலும் கற்றளி, வரகுணா என்ற தன் மனைவியர் இருவர் பெயரிலும் மூன்று விமானங்கள் எடுப்பித்ததாக அது சொல்கிறது. அப்படியானால் இதுவும் ஒரு குடும்பப் படம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது. நடுவிலுள்ளது அரசனுடையது என்று கொண்டால், ஒரு மனைவி நிற்கிறாள். மற்றவள் மேடையாகக் கிடக்கிறாள்.

எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு படம் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948இல் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. தாத்தா நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் பெரிய அப்பாயி, மடியில் கைக்குழந்தையாக அப்பா. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி சின்ன அப்பாயி நிற்கிறாள். அடுத்த வருஷம் சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடைசெய்து சட்டம் வந்தது. அப்பாவைப் பெற்றவள் நிற்பவள். வளர்த்தவள் உட்கார்ந்திருப்பவள். அப்பா கடைசிவரை பெரியவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டார். பெற்றவளுக்குச் சின்னம்மா என்று பெயர்.

சென்ற வருஷம் சென்னையிலிருந்து எங்கள் கிளைக்கு மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர் கோயில் பார்க்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். கை கழுவிவிட்டு வந்தவர் படத்தின் முன்னால் நின்றார்.

"இது பாட்டியா? நிக்கிறவங்க தாத்தாவோட தங்கச்சியா?"

"ஆமா சார்" என்றேன்.

திண்ணையில் அப்பா பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தபோது நீலகிரித் தோடர்களின் படங்கள் நினைவுக்கு வந்தன. 1873இல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி அவர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மண்டையின் அமைப்பைக் கொண்டு மனிதனின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர் அவர். அதே வருஷம் பிரீக்ஸின் நூல். பிறகு ஊட்டியின் ஸ்டுடியோக்காரர்கள், தபால் அட்டைகள். அரைவட்டக் கூரைக் குடிசை, போர்வை போர்த்திய ஆண்கள், நடுவில் சுருள் முடியோடு ஒரு பெண். ஒருத்திக்குப் பல கணவர் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டவன் அந்தப் படத்தில் அதைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டான். அண்ணனும் தம்பியும் அவள் அப்பனும் சும்மா நின்றிருந்தாலும் அவனுக்கு எல்லோரும் கணவர்கள்தாம்.

ரிவர்ஸின் நூல் 1906இல் வந்தது. அதிலும் படங்கள் உண்டு. ஆனால் அவர் உட்கார்ந்து வம்சாவளிகளைக் கேட்டு எழுதினார், பெயர் பெயராக. ஒரு பெண் ஒருவனை மணந்தால் அவன் சகோதரர்களுக்கும் மனைவியாவது அன்று அவர்களிடம் வழக்கம். குழந்தைக்குத் தகப்பன் யார் என்பதை ரத்தம் தீர்மானிப்பதில்லை. கர்ப்பகாலத்தில் சிறு வில்லும் அம்பும் செய்து அவளிடம் கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. கொடுத்தவன் தகப்பன். எந்த கேமராவும் இதைக் காட்டியிருக்க முடியாது. யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதுதான் படத்துக்குத் தெரியும். உறவைச் சொல்வது படத்தின் அடியில் எழுதுகிறவன். அநேகமாக அவன் வெளியாள்.

படம் எப்போதும் கேலிக்குத்தான் உதவும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மார்மன் சபை 1890இல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. விட மறுத்துப் பிரிந்தவர்கள் சிலர் அரிசோனா எல்லையில் ஷார்ட் க்ரீக் என்ற ஊரில் வாழ்ந்தார்கள். 1953 ஜூலை 26இல் கவர்னர் பைல் அங்கே போலீஸை அனுப்பினார். பத்திரிகைக்காரர்களும் கூடவே போனார்கள். ஊர் சிரிக்கும் என்பது அவர் கணக்கு. தாய்மார்களிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளின் படங்களைப் பார்த்து ஊர் கண்கலங்கியது. அடுத்த வருஷத் தேர்தலில் பைல் தோற்றார். அந்த இரக்கமும் முழுசாகப் பார்த்து வந்ததல்ல. அங்கே சிறுமிகளை மணம்செய்து கொடுத்தது எந்தப் படத்திலும் விழவில்லை. அந்த மரபில் வந்த ஒரு பிரிவின் தலைவர் வாரன் ஜெஃப்ஸ், சிறுமிகள் மீதான பாலியல் குற்றத்துக்காக 2011இல் டெக்ஸாஸில் ஆயுள்தண்டனை பெற்றார். பலதார மணத்தை எப்போதோ விட்ட பெரிய சபைக்காரர்களையோ, உலகம் இன்னும் அந்த நீளப் பாவாடைப் பெண்களின் படங்களை வைத்தே அடையாளம் காண்கிறது.

எங்கள் படத்திலும் விழாதவை இருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. அப்பாயிகள் இருவரும் பல வருஷம் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சின்னவளுக்குத் தன் பிள்ளையைத் தூக்க ஒருவர் அனுமதி வேண்டியிருந்தது. இதையெல்லாம் மறைத்து அந்தக் கால ஒற்றுமை என்று யாராவது உருகினாலும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் என் பொய் இந்தத் துயரத்தைக் காப்பாற்றச் சொன்னதல்ல. வங்கியில் வேலை பார்க்கிறவன், ஆங்கில இலக்கியம் படித்தவன் என்று எனக்கு நானே எடுத்து வைத்திருக்கும் படத்தில் அவள் நிற்க இடமில்லை. அதனால் வெட்டினேன்.

அன்று சாயங்காலம் நண்பரை மூவர் கோயிலுக்கு அழைத்துப்போனதைச் சொல்ல வேண்டும். அவர் இரண்டு விமானங்களும் விழும்படி செல்போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நான் அவரை நிறுத்தி, மூன்றாவது அடித்தளத்தைக் காட்டினேன். இதையும் சேர்த்து எடுங்கள் என்றேன். அரசனையும் அவன் இரண்டு மனைவியரையும் பற்றி உற்சாகமாக ஒரு பிரசங்கமே செய்தேன். கற்றளி, வரகுணா என்று பெயர்களை அழுத்திச் சொன்னேன். அரசனுக்கு இரண்டு என்றால் சரித்திரம். தாத்தாவுக்கு இரண்டு என்றால் தங்கச்சி.

திரும்பி வந்தபோது அப்பா எதுவும் கேட்கவில்லை. அவருடைய மௌனத்தை நான் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். நண்பர் எங்கள் படத்தைப் படித்த மாதிரி.

மறுநாள் கவுண்டரில் கூட்டம் குறைந்தபோது நண்பரிடம் போனேன்.

"சார், நேத்து தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் படத்துல நிக்கிறவங்க தாத்தாவோட தங்கச்சி இல்ல. என் அப்பாயி."

"அப்ப உட்கார்ந்திருக்கிறவங்க?"

"அவங்களும் அப்பாயிதான்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "பேர் என்ன சார் அவங்களுக்கு?" என்று கேட்டார்.

இரண்டு பெயரையும் சொன்னேன்.