குட்டி யானையின் ஊஞ்சல்

சென்னையில் எந்தத் தெருவில் நின்று 'குட்டி யானை எங்கே கிடைக்கும்?' என்று கேட்டாலும், யாரும் வண்டலூருக்கு வழி சொல்ல மாட்டார்கள். தெருமுனையில் நிற்கும் வண்டியைக் கை காட்டுவார்கள். 2005-ல் டாடா ஏஸ் என்ற பெயரில் வந்த வண்டிக்கு ஜனங்களாகப் பார்த்துச் சூட்டிய பெயர் அது. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். 750 கிலோ பாரம். வீடு மாற்ற, வாழைத்தார் ஏற்ற, பிள்ளையாரைக் கடலில் கரைக்க, மைக் செட் கட்டி ஓட்டுக் கேட்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

எங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் ஒன்று இருக்கிறது. பத்து வயசு வண்டி. தண்ணீர் கேன் போடுகிறார். ஒரு கேன் 20 லிட்டர். பிளாஸ்டிக்கோடு சேர்த்து 21 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 கேன் ஏற்றினாலே 750 கிலோ கணக்கு முடிந்துவிடும். அவர் ஏற்றுவது 60. கேட்டால், "மத்தவன்லாம் எழுபது ஏத்துறான் சார்" என்பார், தான் ஏதோ தியாகம் செய்வது மாதிரி.

இந்தப் பாரத்தையெல்லாம் யார் தாங்குகிறார்கள் என்று பார்க்க, வண்டியின் பின்பக்கம் குனிய வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள் தெரியும். மெக்கானிக்குகள் வெறுமனே 'பட்டை' என்பார்கள். நம் தாத்தாக்கள் 'வில்' என்றார்கள். இந்தப் பட்டை வைத்த மாட்டு வண்டிக்குத்தான் வில்வண்டி என்று பெயர். மூட்டை ஏற்ற பாரவண்டி. குடும்பத்தோடு போக வில்வண்டி.

பெயர் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வில்லை மேலிருந்து அழுத்தினால் வளைவு குறையும். வளைவு குறைந்தால் இரண்டு முனைகளும் விலகும். அதாவது, பாரம் ஏற ஏறப் பட்டை நீளும். இரண்டு முனைகளையும் அசையாமல் சேசிஸில் பூட்டிவிட்டால் நீள இடமில்லை. பட்டை விறைத்துக்கொள்ளும், என்றாவது ஒரு நாள் அதுவோ, அதை மாட்டிய இடமோ பிய்யும். அதனால் ஒரு முனையை நிலையாக மாட்டிவிட்டு, மறுமுனையை ஓர் ஊஞ்சலில் விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு, மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், உள்ளே ரப்பர் புஷ். அவ்வளவுதான். பெயர் ஷேக்கிள். ஷெட்டுகளில் 'சேக்கில்'. வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்பதை, நம் சாலைகளை உத்தேசித்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எதிர்வீட்டு யானைக்கு அந்த ஊஞ்சல்தான் போயிருந்தது. கேன்களிலிருந்து தண்ணீர் வருஷக்கணக்கில் அதே இடத்தில் சொட்டினால் எந்த இரும்பும் என்ன செய்யும்? வண்டி இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. வேகத்தடை ஏறி இறங்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருந்தது. புஷ், மிச்சர் கடை ஓமப்பொடி போல் உதிர்ந்தது. ஓட்டத்தில் அது அறுந்தால் பட்டையின் முனை விடுபட்டு, அந்தப் பக்கத்துப் பின்சக்கரம் இடம் மாறி, ஸ்டியரிங்கைக் கேட்காமல் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். அதுவும் 60 கேனோடு.

"ஷெட்டுல விட்டா ரெண்டு நாள் நிக்கும் சார். ரெண்டு நாள் நின்னா டியூ யாரு கட்டுவா?" என்றார். சனிக்கிழமை ஜி.பி. ரோடு போய் இரண்டு பக்கத்துக்கும் புது சேக்கில், புஷ், போல்ட் வாங்கிவந்தார். புதுப்பேட்டையில் பழசு பாதி விலைக்குக் கிடைக்கும். "இதுல மட்டும் பழசு வேணாம்" என்று கடந்து போயிருக்கிறார். இடது பக்கம்தானே போச்சு, ஏன் இரண்டும் என்றேன். "ஒரு கால் புதுசு, ஒரு கால் பழசுன்னா நொண்டும் சார்."

ராத்திரியே போல்ட்டுகளின் மேல் டீசல் ஊற்றி ஊறவைத்தார். ஞாயிறு காலை வீட்டு வாசலில் வேலை ஆரம்பம். என் படிப்புக்கேற்ற வேலையாக செல்போன் டார்ச்சைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

பின்பக்கத்தைத் தூக்குவதற்கு முன் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஹேண்ட் பிரேக்கும் கியரும் இருந்தும் இல்லாத மாதிரிதான்; இரண்டுமே பிடிப்பது பின்சக்கரத்தைத்தான். ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கு அடியில் முட்டுக் கொடுக்க இரண்டு ஹாலோ பிளாக்கை உருட்டிவந்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார்.

"அத வச்சிட்டு அடியில படுக்கக் கூடாது."

"அஞ்சு நிமிஷ வேலைடி."

"ஒரு நிமிஷமும் கூடாது."

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தெருமுனை ஷெட்டுக்குப் போனார். வாடகைக்கு இரண்டு இரும்பு ஸ்டாண்டை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். அவர் சேசிஸை அதன் மேல் உட்காரவைத்து, இரண்டு கையாலும் வண்டியை ஆட்டிக் காட்டிய பிறகுதான் வாசல்படியில் உட்கார்ந்தார்.

ஹாலோ பிளாக் சுவர் கட்டத்தான் சரி. வண்டியின் எடை ஒரு புள்ளியில் இறங்கினால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. உள்ளே ஒரு சீல் கசிந்தால் இறங்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம். அந்தம்மாவுக்குத் தெரிந்தது வேறு. "எங்க சித்தப்பா சங்ககிரியில லாரி கிளீனரு. ஜாக்கிய நம்பித்தான் படுத்தாரு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிறகு ஜாக்கியை நடு ஹவுசிங்குக்கு அடியில் தள்ளி, "ஒரு இம்மி ஏத்துங்க, ஒரு இம்மி இறக்குங்க" என்று என்னை அடிக்கச் சொன்னார். பட்டையின் இழுப்பு போல்ட்டின் மேல் இல்லாத ஒரு நிலை வர வேண்டும். வந்ததும் வலது பக்கம் சுத்தியல் தட்டலுக்கே கழன்றது. இடது பக்கம் கதை வேறு. புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிப் போயிருந்தன. நட்டு வந்துவிட்டது, போல்ட் வரவில்லை. சம்மட்டிக்கும் மசியவில்லை. டீசல் ஊறின இடத்தைத் துணியால் துடைத்து, டேங்க் பக்கம் ஈரச் சாக்கைப் போட்டு, வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, கிரைண்டரால் அறுத்தார். தீபாவளிக்கு மிச்சம் வைத்த மத்தாப்பு மாதிரி பொறி. தெருப் பையன்களுக்கு ஒரே குஷி.

புதுசு மாட்டப் பத்து நிமிஷம். நட்டைக் கையால் ஏற்றி, அரைகுறையாக இறுக்கிவிட்டு, ஸ்டாண்டை எடுக்க ஆரம்பித்தார்.

"முழுசா இறுக்கலையே?"

"ஜி.பி. ரோடு கடைக்காரர் படிச்சுப் படிச்சு சொன்னாரு சார். தொங்கும்போது இறுக்கக் கூடாதாம். இந்த ரப்பர் சுத்தாது, முறுக்கும். தொங்கறப்ப இறுக்கிட்டா, வண்டி தரையில நிக்கிற நேரமெல்லாம் முறுக்கிக்கிட்டே நிக்கும். சீக்கிரம் கிழிஞ்சிடும். பாரம் இறங்கின அப்பறம் இறுக்குனாதான், நிக்கும்போது நிம்மதியா இருக்கும்."

சக்கரம் தரைக்கு வந்தது. வண்டியை நாலு தடவை மேலும் கீழும் அமுக்கிவிட்டு, மறுபடி அடியில் போய் மொத்த பலத்தோடு இறுக்கினார். மறுபக்கத்தில் போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்திருந்தது நான். டார்ச்சிலிருந்து எனக்குப் பதவி உயர்வு.

திங்கள் விடிகாலை நாலரைக்குப் பால் வாங்கப் போனேன். லோடோடு வந்துகொண்டிருந்தார். வேகத்தடையில் ஏறி இறங்கினார், சத்தமில்லை. கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்.

"எத்தனை கேன்?" என்றேன்.

"அம்பத்தஞ்சு சார். வீட்ல சொன்னாங்க, அஞ்சு கொறச்சிட்டேன்."