ஐந்து நிமிடம் முன்னால் ஊதிய விசில்

ஸ்ரீரங்கத்தில் நடந்த அரையிறுதிக் கால்பந்துப் போட்டியில் நாங்கள் தோற்ற செய்தியை இப்பள்ளியில் அறியாதவர் இல்லை. ஆனால் அன்று நாங்கள் முதலில் வென்று, துள்ளிக் குதித்து, நன்றியாக ஓர் அருள் நிறை மந்திரமும் சொல்லி முடித்த பிறகே தோற்றோம் என்பது பலருக்குத் தெரியாது.

காலையில் ஒன்றாம் எண் பேருந்தில் காவிரிப் பாலம் கடந்து போய்ச் சேர்ந்தோம். முதலில் சிறு வகுப்பு மாணவியரின் ஆட்டம்; பாதிக்கு 25 நிமிடம். அடுத்தது எங்களுடையது, பாதிக்கு 30 நிமிடம். இரண்டுக்கும் நடுவர் ஒருவரே. வினை அங்கேதான் புகுந்தது.

இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஸ்ரீரங்கத்து அணியின் வலப்பக்க ஆட்டக்காரி பந்தோடு எங்கள் எல்லைக்குள் பாய்ந்து வந்துகொண்டிருந்தாள். அப்போது நீண்ட விசில் கேட்டது. ஆட்டம் முடிந்தது என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். கோட்டு நடுவரோ தம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியபடி ஓடி வந்தார். நடுவரின் முகம் வாடிவிட்டது. முந்தைய ஆட்டத்தின் கணக்கிலேயே 25-ஆம் நிமிடத்தில் ஊதிவிட்டிருந்தார்!

"இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. எல்லோரும் வாருங்கள்" என்றார். எங்களில் நால்வர் பூட்ஸைக் கழற்றிவிட்டோம். கோல் காப்பவளின் வாயில் ஆரஞ்சுச் சுளை.

"விசில் ஊதினால் முடிந்ததுதானே, சிஸ்டர்? நாங்கள் இறங்க மாட்டோம்" என்றோம்.

சிஸ்டர் விவாதிக்கவில்லை. "பூட்ஸைக் கட்டுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

விசில் ஊதியபோது பந்து அந்தப் பெண்ணிடம் இருந்ததால், அதே இடத்தில் நடுவர் பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு அவளுக்கே கொடுத்தார். நாங்கள் நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று. மூன்றாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. பிறகு பெனால்டி உதையில் 3–4 என்று தோற்றோம். திரும்பும் வழியில் மலைக்கோட்டை கண்ணில் பட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் சிஸ்டரிடமும் சரியாகப் பேசவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

மறு வாரம் அவரே கால்பந்து விதிகளை எங்கள் முன் வைத்தார். நாங்கள் அதுவரை கூடைப்பந்து போலவே எண்ணியிருந்தோம். கூடைப்பந்தில் விசில் கேட்டதும் மேசையில் இருப்பவர் கடிகாரத்தை நிறுத்துவார். கால்பந்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீணான நேரத்தை நடுவரே கணக்கிட்டு, அந்தந்தப் பாதியின் கடைசியில் சேர்ப்பார். முதல் பாதியில் நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டால், அதை இரண்டாம் பாதியில் கூட்டியோ குறைத்தோ ஈடுசெய்யக் கூடாது. முடிவு விசிலைத் தவறாக ஊதிய நடுவர் மைதானத்தை விட்டு வெளியேறாத வரை அதைத் திருத்திக்கொள்ளலாம். எங்கள் நடுவர் நடுக்கோட்டருகேதான் நின்றிருந்தார். பந்தைக் கீழே விடும்போது இரு அணியினரும் அதற்காகப் போட்டியிடுவது 2019 வரை வழக்கம்; அந்த ஆண்டு விதி மாறிற்று. பழைய விதி இருந்திருந்தால் என்று இப்போதும் எங்களில் ஒருத்தி பெருமூச்சு விடுகிறாள்.

உலகக் கோப்பையிலேயே இப்படி நடந்திருக்கிறது என்றறிந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. 1930-இல் முதல் உலகக் கோப்பையில் அர்ஜென்டினா 1–0 என முன்னணியில் இருக்க, பிரான்ஸ் வீரர் லாங்கில்லேர் கோலை நோக்கி ஓடும்போது, பிரேசில் நடுவர் அல்மெய்டா ரேகோ ஆறு நிமிடம் முன்னதாக ஊதிவிட்டார். எதிர்ப்பு எழுந்ததும் வீரர்களைத் திரும்ப அழைத்து ஆடவைத்தார். பிரான்சால் கோல் போட முடியவில்லை. அவர்களுக்கு எங்கள் ஸ்ரீரங்கத்துத் தோழியின் கால் வாய்க்கவில்லை!

2022 ஜனவரியில் கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையிலோ துனிசியா–மாலி ஆட்டத்தை நடுவர் 85-ஆம் நிமிடத்தில் ஒரு முறையும், 90 நிறைவதற்குச் சில விநாடிகள் முன்னால் மறுமுறையும் முடித்துவிட்டார். வெயிலின் கடுமையால் நிலை தவறியதாகப் பின்னர் கூறப்பட்டது. ஆட்டத்தைத் தொடர அழைத்தபோது மாலி வீரர்கள் வந்தார்கள், துனிசியர் வரவில்லை. தம் வீரர்கள் பனிக்கட்டி நீரில் அமர்ந்திருந்தார்கள் என்றார் அவர்களின் பயிற்சியாளர். மாலியின் 1–0 வெற்றியே நிலைத்தது. துனிசியாவின் கதையை வாசித்தபோது எங்களில் யாரும் சிஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ஆட்டம் முடிந்ததும் அந்த நடுவர் எங்களிடம் வந்து, "தவறு என்னுடையதம்மா, மன்னியுங்கள்" என்றார். எங்கள் தலைவி தலையை மட்டும் அசைத்தாள். கோல் காப்பவள்தான், "பரவாயில்லை சார், இப்போது மணி என்ன?" என்று கேட்டுவிட்டாள். அவரே சிரித்துவிட்டார்.

அடுத்த போட்டி எங்கள் மைதானத்தில். கரும்பலகை ஒன்றைக் கோட்டருகே வைத்து, பாதிக்கு எத்தனை நிமிடம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதப்போகிறோம். சாக்பீஸ் வாங்கியாயிற்று.