பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை: படிக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு வீடு



கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பஸ்ஸில் வந்து, நகரத்துக்குச் சற்று முன்னதாகப் பாலாவிச் சந்தியில் இறங்கினேன். உப்புக் காற்று முகத்தில் மோதியது. வெயிலில் கண் கூசும்படி உப்பளப் பாத்திகள். இந்தச் சந்தியில்தான் கற்பிட்டி வீதி இடப்பக்கமாகப் பிரிகிறது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அந்த மணலில் தென்னை நிற்கிறது. கிணற்று நீர் பாய்ச்சி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கிறார்கள். நுரைச்சோலையை நெருங்கும்போது, 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின் நிலையத்தின் புகைபோக்கி தென்னைகளுக்கு மேலால் தெரிகிறது.

இந்த வீதிக்கு வேறொரு கதையும் உண்டு. 1990 ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள் மட்டுமே. மன்னார்ப் பக்கத்திலிருந்து பலர் வள்ளங்களில் கடலால் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். ஆலங்குடா, நுரைச்சோலை, கரம்பை, தில்லையடி எங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில மாதங்களில் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்து வந்தவர்கள், இருபது வருடங்களும் அதற்கு மேலும் இங்கேயே இருந்தார்கள். தமிழ்ப் பெண்ணாகிய நான் இந்த வீதியால் போகும்போது தலையை நிமிர்த்திக்கொண்டு போக முடிவதில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது சரியில்லை.

ஓர் உம்மாவின் கேள்வி

ஆலங்குடாப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. மலைநாட்டுப் பக்கம். உம்மா தேத்தண்ணீரும் சீனிச் சம்பலும் பாணும் வைத்தார். சந்தோஷம் முகத்தில் இருந்தது, பயமும் இருந்தது.

"தங்கச்சி, புள்ள படிக்கிறது நல்லந்தான். ஆனா படிச்சி முடிச்சிட்டு எங்கட புள்ளயாவே திரும்பி வருவாளா?" என்று கேட்டார்.

மகள் கதவோரம் நின்று, "போங்க உம்மா" என்றாள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். அது தவறு. ஊரையும் வீட்டையும் பள்ளிவாசலையும் கிணற்றையும் ஒரே நாளில் இழந்த தாய் கேட்கும் கேள்வி இது. இனி இழப்பதற்கு அவரிடம் பிள்ளை மட்டும்தான் இருக்கிறாள். யுத்தத்தில் பிள்ளையைத் தொலைத்த எங்கள் தாய்மாரும் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறார்கள்.

அந்த உம்மாவுக்கு நான் பின்னர் சொன்னது, வெகு தூரத்தில் இதே கேள்விக்குப் பதில் கண்ட ஒரு பெண்ணின் கதை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கனடாவில் ஒரு நீண்ட வீடு

கனடாவில் வெள்ளையர் வருவதற்கு முன்பிருந்தே வாழ்ந்த பூர்வீகக் குடிகள் பலர் உள்ளனர். எங்கள் நாட்டில் வேடர் சமூகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1876இல் அங்கே வந்த சட்டத்தின்படி, பூர்வீகக் குடியைச் சேர்ந்த ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றால், அந்தக் குடியைச் சேர்ந்தவர் என்ற சட்ட உரிமையை இழந்துவிடுவார். படித்தால் நீ உன் சனத்தைச் சேர்ந்தவள் இல்லை என்று அரசாங்கமே சொன்னது! அதன் பின்னர் 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் போட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. திரும்பி வராத பிள்ளைகளும் உண்டு. இதற்காகக் கனடாப் பிரதமர் 2008இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அப்படிப்பட்ட நாட்டில் ஒரு தாய், "என் பிள்ளை பல்கலைக்கழகம் போகட்டும்" என்று எப்படி மனம் துணிந்து சொல்வாள்?

வேர்னா கேர்க்னெஸ் என்ற பெண் 1935இல் மானிட்டோபா மாகாணத்தில் கிறீ இனத்தவரின் ஊரொன்றில் பிறந்தவர். ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கி, பின்னர் வன்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1987இல் அங்கே பூர்வீகக் குடி மாணவருக்கான கல்வி இல்லம் தொடங்கியபோது அதன் முதற் பணிப்பாளர் அவரே. 1993இல் அந்த இல்லத்துக்கென ஒரு கட்டடம் எழுந்தது. வழக்கமான சீமெந்துக் கட்டடம் அல்ல. அந்தக் கரையோர மக்கள் பரம்பரையாகக் கட்டும் நீண்ட வீட்டின் வடிவில், பெரிய மரத் தூண்களோடு கட்டினார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் கூடும் பெரிய மண்டபம். சமையலறை. முதியோர் வந்து அமர ஓர் அறை. படிக்கும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் பராமரிப்பு நிலையம். பக்கத்திலேயே பூர்வீகக் குடிகளின் நூல்களுக்கான நூலகம். சமையலறையும் தொட்டிலும் பாட்டியும் பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டன. பிள்ளை தன் வீட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியதில்லை.

"பூர்வீகக் குடிப் பிள்ளைகள் ஏன் இடையில் விலகுகிறார்கள்?" என்று பல்கலைக்கழகங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. கேர்க்னெஸ் 1991இல் ரே பார்ன்ஹார்ட் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார். பிள்ளையில் என்ன குறை என்று பார்க்காமல், பல்கலைக்கழகம் அந்தப் பிள்ளைக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். நான்கு விடயங்கள் வேண்டும் என்றார்: பிள்ளையின் சமூகத்துக்கு மதிப்பு, அதன் வாழ்வுக்குப் பொருந்தும் படிப்பு, கொடுத்தும் வாங்கியும் பழகும் உறவு, பிள்ளையும் சேர்ந்து சுமக்கும் பொறுப்பு.

விருந்தாளியும் வீட்டுக்காரரும்

இந்தக் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்த நீண்ட வீடு நிற்கும் நிலம் மஸ்குவியம் என்ற குடியினருடையது. வேறு குடிகளிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் அங்கே விருந்தாளிகள். கூட்டம் தொடங்கும்போது, "இது மஸ்குவியம் மக்களின் நிலம்" என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். துன்பப்பட்டு வந்தவர்களும் வந்த இடத்து மக்களை மறப்பதில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் புத்தளம்தான் நினைவுக்கு வந்தது. 1990இல் இந்தக் கரை மக்கள் பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். சமைத்துக் கொடுத்தார்கள். அவர்களும் வசதியானவர்கள் அல்லர்; மீன்பிடி, உப்பளம், தோட்டக் கூலி என்று வாழ்ந்தவர்கள்தான். நாட்கள் வருடங்களானபோது நெருக்கடி வந்தது. காலையில் ஊர்ப் பிள்ளைகளும் மாலையில் இடம்பெயர்ந்த பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். கிணறு, கூலி வேலை, பாடசாலை அனுமதி எல்லாவற்றிலும் இரண்டு பங்கு தேவைப்பட்டது.

பல்கலைக்கழக இடத்திலும் அப்படித்தான். எமது நாட்டில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாகப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். அந்தப் பதினாறில் மன்னாரும் உண்டு, யாழ்ப்பாணமும் உண்டு, புத்தளமும் உண்டு. அதாவது, அடைக்கலம் கேட்டு வந்தவரும் பின்தங்கியவர், அடைக்கலம் கொடுத்தவரும் பின்தங்கியவர். ஆகவே இந்தக் கரையில் மாணவருக்கு ஓர் ஆதரவு இல்லம் அமைப்பதானால், அது முகாம் பிள்ளைக்கு மட்டும் என்று இருக்க முடியாது. ஊர்ப் பிள்ளைக்கும் அங்கே பாய் விரிக்க வேண்டும்.

புத்தளத்துக்கு அண்மையில் சிறாம்பையடி என்ற ஊர் இருக்கிறது. அந்நியர் ஆட்சிக் காலத்தில் படைவீரர்களாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அவர்கள் பாடும் மஞ்ஞாப் பாடல்கள் இன்னமும் இருக்கின்றன. ஆனால் அந்த மொழியைப் பேசுவோர் அருகிவிட்டனர். பாட்டு மிஞ்சி, அதன் பொருள் பேரப்பிள்ளைக்கு விளங்காமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு! சிறிய சமூகத்தின் பிள்ளை படிக்கப் போகும் இடத்தில் அவளுடைய பாட்டிக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பது இதற்காகத்தான்.

முன்னின்று நடத்துவது யார்?

இப்படியான இல்லத்தை முன்னின்று நடத்துபவருக்கு இரண்டு பக்கம் பேசத் தெரிய வேண்டும். பல்கலைக்கழக அதிகாரியிடம் பிள்ளையின் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டில் உம்மாவிடம் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு பக்கத்தாரும் சில வேளைகளில் கோபிப்பார்கள். அதைத் தாங்க வேண்டும்.

அதற்கான பெண்கள் எம்மிடையே இல்லையா? 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜுவைரியா மொஹிதீன், புத்தளத்திலேயே முஸ்லிம் பெண்களுக்கான அபிவிருத்தி அமைப்பொன்றை நடத்தி வருபவர். அதே ஆண்டில் மன்னாரை இழந்த ஷிரீன் சரூர், பின்னர் அந்த மாவட்டத்திலேயே தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக இயங்கும் அமைப்பைக் கட்டியெழுப்பினார். பெரிய கட்டடம் வரும் வரை இவர்கள் காத்திருக்கவில்லை. பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசியதிலிருந்தே தொடங்கினார்கள்.

நாங்களும் அப்படித் தொடங்கலாம். ஒரு பிள்ளைக்கு அனுமதி கிடைத்ததும், அதே பல்கலைக்கழகத்தில் முன்பு படித்த ஒரு ராத்தாவை அல்லது அக்காவைத் தேடிப் பிடியுங்கள். விடுதி எப்படி, சாப்பாடு எப்படி, தொழுகைக்கும் பூசைக்கும் இடம் எங்கே, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று அவள் சொல்லட்டும். மஹாபொல புலமைப்பரிசிலுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க உதவுங்கள். பகிடிவதை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் பிள்ளைக்கும் தாய்க்கும் விளங்கப்படுத்துங்கள். முடிந்தால் முதல் நாள் தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை படுக்கும் கட்டிலைத் தாய் கண்ணால் பார்க்கட்டும். விடுமுறையில் வரும் பிள்ளை வாரத்தில் ஒரு நாள் ஊரின் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கட்டும். கொடுத்தும் வாங்கியும் பழகுவது என்றால் இதுதான்.

கற்பிட்டித் துறையில்

கதையைக் கேட்டு முடித்த உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அங்க பாட்டிமாருக்கும் அறை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "இருக்கு ராத்தா" என்றேன். மகளைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப நானும் வாறன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

மாலையில் கற்பிட்டிக்குப் போனேன். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை களப்பைப் பார்த்தபடி நிற்கிறது. துறையில் வள்ளங்கள் வந்து சேர, பெண்கள் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 1990இன் மழைக்கால இரவுகளில் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் இறங்கியது இந்தக் கரையில்தான். அன்று தோளில் வந்த குழந்தைகள் இன்று முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் சிலர் மன்னாருக்கும் முசலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பினார்கள். சிலர் இங்கேயே வேர்விட்டார்கள். பல குடும்பங்களுக்கு இரண்டு இடத்திலும் கால். அவர்களுடைய பிள்ளைகள்தான் இப்போது உயர்தரப் பரீட்சை எழுதுகிறார்கள்.

உம்மா கேட்ட கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் இவ்வளவுதான்: பிள்ளை தனியாகப் போனால் வேறொருத்தியாகத் திரும்பக்கூடும். அவளோடு நாமும் கொஞ்சத் தூரம் போனால், அவள் எங்கள் பிள்ளையாகவே திரும்புவாள். கூடவே இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு வழி தெரிந்தவளாகவும் வருவாள்.

உங்கள் ஊரில் இந்த வருடம் பல்கலைக்கழகம் போகும் பெண் பிள்ளை யார் என்று விசாரித்துப் பாருங்கள், சகோதரிகளே. அவளுடைய தாயிடம் ஒரு தடவை போய்ப் பேசுங்கள்.