அசலா, நகலா? ஆலங்காட்டு நீலியைக் கேளுங்க!

போன மாசம் ஒரு பழைய துணிக்கடையில் 'அறுபதுகளில் வந்த அமெரிக்க ஜீன்ஸ்'னு சொல்லி ஒண்ணை என் தலையில் கட்டினாங்க. முழங்காலில் வெளுப்பு, பாக்கெட் ஓரத்தில் நைந்த நூல்... பார்த்தா அசல் தாத்தா காலத்துச் சரக்கு! ஹாஸ்டலுக்கு வந்து பின் பாக்கெட்டில் இருக்கும் சிவப்புப் பட்டையைப் பார்த்ததும் புஸ்ஸுனு ஆயிடுச்சு. லீவைஸ் ஜீன்ஸின் அந்தப் பட்டையில் ஒரு காலத்தில் எல்லாமே பெரிய எழுத்து. 1971ல்தான் 'இ' சின்ன எழுத்தாச்சு. என்னுடையதில் இருந்தது சின்ன 'இ'!

சரி, பெரிய 'இ' இருந்தா மட்டும் நம்பிடலாமா? அதுவும் முடியாது பாஸ். பழைய மாடலை அப்படியே திரும்பத் தைக்கிறவங்க பெரிய 'இ'யையும் சேர்த்தேதான் தைக்கிறாங்க. அப்போ வெளுப்பை வெச்சுக் கண்டுபிடிக்கலாமா? இண்டிகோ சாயம் நூலின் மேல்புறத்தில்தான் ஒட்டும், உள்ளே வெள்ளை. வருஷக்கணக்கா போட்டா உடம்பு மடங்குற இடத்தில் எல்லாம் தானா வெளுக்கும். ஃபேக்டரியில் தேய்த்தும் லேசர் அடித்தும் அதே வெளுப்பை நிமிஷத்தில் கொண்டுவந்துடுறாங்க. மணலைப் பீய்ச்சி அடிச்சு வெளுக்க வைக்கிற முறையில் வேலை செஞ்சவங்க நுரையீரலே கெட்டுப் போய், துருக்கி நாடு 2009ல் அதைத் தடையே பண்ணிடுச்சு. பழசு மாதிரி காட்டுறதுக்கு எவ்வளவு பெரிய விலை பாருங்க!

நிஜமான பழசையும், பழசு வேஷம் போட்டதையும் எப்படிப் பிரிக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டா நம்ம பக்கத்தில் ஒரு ஊர் கை தூக்கும். திருவாலங்காடு!

சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் ஏறிக்குங்க. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர்னு கம்பெனி ஆட்கள் இறங்க இறங்கப் பெட்டி காலியாகும். கடம்பத்தூர், மணவூர் தாண்டினா திருவாலங்காடு. ஸ்டேஷனில் இருந்து கோயிலுக்குச் சில கிலோமீட்டர், ஆட்டோவில் போயிடலாம். வழியெல்லாம் வயல், கரும்பு. ஊருக்குன்னு ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலையும் உண்டு.

கோயிலில் சுவாமி வடாரண்யேஸ்வரர், அம்மன் வண்டார்குழலி. நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காளியோடு போட்டி நடனம் ஆடும்போது காதில் இருந்து விழுந்த குண்டலத்தைக் கால் விரலாலேயே எடுத்து மாட்டிக்கிட்டார் சிவன், காளியால் அப்படிக் காலைத் தூக்க முடியலைன்னு ஐதீகம். சிவன் ஆடிய மண்ணைக் காலால் மிதிக்க மனசில்லாமல் காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததும் இங்கேதான்.

நான் தேடிப் போனது பக்கத்து ஊர்க் கதையை. பழையனூர் நீலி! 'நீலிக் கண்ணீர் வடிக்காதே'னு வீட்டில் திட்டு வாங்கியிருப்பீங்களே, அந்த நீலியேதான். ஒரு வணிகன் பின்னாலேயே அவன் மனைவி வேஷத்தில் ஒரு பேய் வருது. இடுப்பில் ஒரு குழந்தை. உண்மையில் அது கள்ளிக் கொம்பு! "இவ என் பொண்டாட்டி இல்லை, பேய்"னு அவன் கதற, "இவர் என்னை விட்டுட்டு ஓடுறார்"னு இவள் அழ, பழையனூர்ப் பெரியவங்க எழுபது பேர் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தாங்க. குழந்தையை இறக்கி விட்டா, 'அப்பா'னு அவன்கிட்டேயே ஓடுது. அவ்வளவுதான், தீர்ப்பு முடிஞ்சுது! "உன் உயிருக்கு ஏதாவது ஆனா நாங்க எல்லோரும் உயிரை விடுறோம்"னு வாக்குக் கொடுத்து, அவனை அவளோடு தங்க வெச்சாங்க. காலையில் வணிகன் பிணம். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்கிட்டாங்கன்னு கதை முடியுது. அவங்களுக்கு இங்கே நினைவிடமும் இருக்கு.

அங்கே நின்னப்போ எனக்குத் தோணினது இதுதான். அவங்க கெட்டவங்க இல்லை. கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு அடையாளத்தை நம்பினாங்க. நான் வெளுப்பைப் பார்த்து ஜீன்ஸ் வாங்கினதும் அதே தப்புதான். எனக்குப் போனது பாக்கெட் மணி, அவங்களுக்குப் போனது உயிர்!

இதே தப்பை நம்ம ஊர் சாமி விஷயத்திலும் பண்ணியிருக்கோம். கும்பகோணம் பக்கத்தில் சிவபுரம். 1951ல் அங்கே மண்ணுக்கு அடியில் இருந்து சோழர் காலத்து நடராஜர் கிடைச்சார். 1954ல் பழுது பார்க்கக் கொடுத்தாங்க. திரும்பி வந்தது நகல்! அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்கா போயிடுச்சு. ஊர் ஜனங்களுக்கு எதுவும் தெரியாது. அவங்க பாட்டுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுட்டு இருந்தாங்க. கோயிலில் இருப்பது புதுசுன்னு 1965ல் புத்தகத்தில் எழுதினவர், பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். 1973ல் நார்ட்டன் சைமன் மியூசியத்துக்காக அது விலைபோனது 9 லட்சம் டாலருக்கு. வழக்கு, சமரசம் எல்லாம் முடிஞ்சு நடராஜர் நாடு திரும்பினது 1986ல்.

பாரெட் மாதிரி ஒரு கண் நமக்கும் வேணும்னா என்ன பண்றது? திருவாலங்காடு போயிட்டு வந்த கையோடு எழும்பூர் மியூசியத்துக்குப் போங்க. வெள்ளிக்கிழமை லீவு, மறந்துடாதீங்க! வெண்கலச் சிலைகள் பகுதியில் நிற்கிறார், உலகப் புகழ் பெற்ற திருவாலங்காட்டு நடராஜர். சுத்தி இருக்க வேண்டிய நெருப்பு வளையம் இல்லை. ஆனாலும் ஆட்டம் நிற்கலை! பிரெஞ்சு சிற்பி ரோடின் இவரை நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்களை மட்டும் பார்த்துச் சொக்கிப் போய் 1913ல் எழுதின கட்டுரை, அவர் இறந்த பிறகு 1921ல் வெளியாச்சு. 1905ல் கிடைச்ச திருவாலங்காட்டுச் செப்பேடுகளையும் சொல்லணும். ராஜேந்திர சோழன் காலத்து 31 ஏடுகள். நீலியின் அதே பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்த கணக்கு அதில்தான் இருக்கு.

இப்போ நம்ம இன்ஜினீயரிங் மேட்டருக்கு வருவோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகுச் சிலை, அதன் மேல் வண்டல் மண் பூச்சு, சூடாக்கினா மெழுகு உருகி வெளியேறும், அந்த இடத்தில் உலோகத்தை ஊத்தணும். ஆறினதும் மண் அச்சை உடைச்சாத்தான் சிலை கைக்கு வரும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை! சோழர் காலத்தில் நகை, மடிப்பு எல்லாத்தையும் பெரும்பாலும் மெழுகிலேயே முடிச்சுட்டாங்க. இப்போ வார்த்த பிறகு உளியால் செதுக்குறது அதிகம். அதனால் கோடுகள் கூர்மையா, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் இருந்தா கொஞ்சம் சந்தேகப்படலாம். பல நூறு வருஷம் அபிஷேகம் கண்ட முகம் வழவழன்னு தேஞ்சிருக்கும். மண்ணில் புதைஞ்சு கிடந்தா பச்சைப் படலம் வரும். ஆனா அந்தப் பச்சையை ரசாயனம் பூசியும் கொண்டு வரலாம். ஜீன்ஸ் வெளுப்பு மாதிரியேதான்!

அசல் மேலேயே அச்சு எடுத்து வார்த்தா? உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் நகல் இத்தனூண்டு சின்னதாகிடும். உலோகக் கலவையும் பேசும். சோழர் சிலைகளில் பெரும்பாலும் செம்பு, வெள்ளீயம், ஈயம். இப்போ பித்தளை சேர்க்கிறதால் துத்தநாகம் எட்டிப் பார்க்கும். பெங்களூரில் இருக்கும் ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன், சிலைகளில் இருக்கும் ஈயத்தின் ஐசோடோப்புகளை அளந்தே காலத்தைப் பிரிச்சுக் காட்டியிருக்கார். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் எழும்பூர்ச் சிலைகளைக் கதிர்ப்படம் எடுத்தாங்க. வார்க்கும்போது உள்ளே மாட்டிக்கிட்ட காற்றுக் குமிழ்கள் ஒவ்வொரு சிலைக்கும் ஒவ்வொரு மாதிரி. கைரேகை மாதிரி! வெளியே எவ்வளவு அச்சு அசலா செஞ்சாலும் உள்ளே இருக்கும் குமிழை யாராலும் காப்பி அடிக்க முடியாது.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். புதுசு எல்லாம் போலி இல்லை. 2023ல் டெல்லி ஜி-20 மாநாட்டு வாசலில் நின்ன 27 அடி நடராஜரைச் செஞ்சது நம்ம சுவாமிமலை ஸ்தபதிகள்தான். அது 'நான் புதுசு'ன்னு நேர்மையா சொல்லிக்குது. வயசைப் பொய்யாச் சொல்லும்போதுதான் நகல் போலி ஆகுது. சிவபுரத்தில் நகலைக் கும்பிட்டவங்க பக்திகூட நகல் இல்லை. அவங்களை ஏமாத்தினதுதான் குற்றம்.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை தெரியுமில்லையா? 2006ல் திருடு போய், ஆஸ்திரேலிய தேசிய கேலரிக்கு விற்கப்பட்டு, 2014ல் வீடு திரும்பினார். அவர் நம்ம ஊர்க்காரர்தான்னு நிரூபிக்க உதவினது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994ல் எடுத்து வெச்சிருந்த போட்டோ. யாரோ ஒருத்தர் பொறுமையா எடுத்து, ஊர் பேர் எழுதி, பத்திரமா வெச்ச ஒரு படம்!

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்க ஊர்க் கோயிலில் என்னென்ன சிலைகள் இருக்குன்னு பட்டியல் இருக்கான்னு பெரியவங்களைக் கேளுங்க. அனுமதி கிடைச்சா முன், பின், பக்கவாட்டுன்னு படம் எடுத்து, தேதி போட்டு அவங்ககிட்டேயே கொடுத்துடுங்க. குழந்தை யாரைப் பார்த்து ஓடுதுன்னு மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்ன கதை ஒரு தடவை போதும்.

என் ஜீன்ஸா? இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கேன். யாராவது கேட்டா, "புதுசு மச்சி!"னு உண்மையைச் சொல்லிடுறேன்.