ஏலக்காய் ஸ்டோருக்குள்ள ஒரு கிரண் விமானம்

ஏலக்காய் ஸ்டோர்னா என்னன்னு நகரத்துல இருக்கிறவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். அது காய் விக்கிற கடை இல்ல, பறிச்ச பச்சைக்காயை உலர்த்துற கட்டடம். போடிமெட்டு சுத்துவட்டாரத்துல ஓரளவு தோட்டம் வெச்சிருக்கிறவங்ககிட்ட ஒண்ணு இருக்கும். இல்லாதவங்க பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர்ல கூலி குடுத்து உலர்த்திக்குவாங்க. அடுப்புல விறகு எரியும். அந்தச் சூடு குழாய் வழியா அறைக்குள்ள போகும். தட்டு தட்டா காயைப் பரப்பி, 50 டிகிரியை ஒட்டி ஒரு பகலும் ராத்திரியும் வைக்கணும். அஞ்சு கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். சூடு கூடிப்போனா பச்சை நிறம் போயிடும், குறைஞ்சா பூஞ்சை பிடிச்சிடும். நிறம் போன காய்க்கு போடி ஏல மையத்துல என்ன மரியாதைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இந்த மலையில வருஷத்துல பாதி நாள் மழையும் மேகமும்தான். தீப்பெட்டி நமத்துப்போகும், துணி காயாது, ரேடியோவுக்குள்ள கூட துரு ஏறும். ஈரம் இல்லாத ஒரே இடம் ஸ்டோர்தான். அதனாலதான் அந்த விமானமும் அங்க வந்து சேந்துச்சு.

முழு விமானம்னு நினைச்சுடாதீங்க. மூக்கு, இறக்கை, வால் ஒண்ணும் கிடையாது. விமானி உக்காருற இடம் மட்டும்தான், ஆங்கிலத்துல காக்பிட்டுன்னு சொல்றது. உலர்த்துற அறைக்குப் பக்கத்துல காயைத் தரம் பிரிக்கிற அறையில நிக்குது. கட்டினது எங்க அக்கா மகன். நான் பலகை அறுத்துக் குடுத்தேன், பணமும் கொஞ்சம் குடுத்தேன்.

அவனுக்கு இந்தக் கிறுக்கு வந்த நாள் எனக்குத் தெரியும். 2018 மார்ச் 11. குரங்கணி மலையில காட்டுத்தீ பிடிச்சு, மலையேற வந்த புள்ளைங்க மாட்டிக்கிட்ட நாள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்துச்சு. அப்போ அவன் பன்னெண்டாவது பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தான். ஊரே மேல பாத்துக்கிட்டு நின்னப்ப அவனும் நின்னான். அதுக்கப்புறம் எலெக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியரிங் படிச்சாலும், மனசு பூரா விமானப்படைதான். படிச்சு முடிச்சதும் எழுத்துத் தேர்வு எழுதினான், பாஸ் பண்ணினான். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டாங்க.

அங்க விமானி ஆகணும்னா கம்ப்யூட்டர்ல ஒரு தனிப் பரீட்சை உண்டு. கையில ஒரு குச்சி, காலுக்கு ரெண்டு பெடல். திரையில ஒரு புள்ளி அங்கயும் இங்கயும் ஓடும். கையையும் காலையும் சேத்து அதை நடுவுல பிடிச்சு நிறுத்தணும். நடுநடுவுல விளக்கு எரியும், சத்தம் வரும், அதையும் அணைக்கணும். அவன் போனப்ப இந்தப் பரீட்சையை வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும்னு இருந்துச்சு. தவறிட்டா தரைப்பணிக்கு முயற்சி பண்ணலாம், விமானம் ஓட்டுற பிரிவுக்கு அப்போ மறுபடி வாய்ப்பு இல்லாம இருந்துச்சு. அது அப்போ அவங்க விதி. ஒரு விமானமும் ஒரு உயிரும் சம்பந்தப்பட்ட விஷயத்துல அவங்க கறாரா இருக்கிறதுல எனக்குக் குறையில்ல.

அவன் தவறிட்டான்.

வந்ததும் ஒரு வார்த்தைதான் சொன்னான்: "மாமா, அந்தக் குச்சியை வாழ்க்கையில அன்னிக்குத்தான் முதமுதலா தொட்டேன்."

அப்துல் கலாம் கதையைச் சொல்லாத ஆளில்ல. அவரும் டேராடூன்ல விமானப்படைத் தேர்வுக்குப் போனவர்தான். 25 பேர்ல எட்டுப் பேரை எடுத்தாங்க, அவர் ஒன்பதாவது. அதை 'அக்னிச் சிறகுகள்'ல அவரே எழுதியிருக்கார். பின்னாடி குடியரசுத் தலைவரா இருந்தப்ப, 2006 ஜூன் 8-ம் தேதி, 74 வயசுல, புனேயில சுகோய்-30 போர் விமானத்துல ஏறிப் பறந்தார். இதையெல்லாம் ஊர்ல பத்துப் பேர் இவன்கிட்ட வந்து சொன்னாங்க. தலையை ஆட்டிட்டு உள்ள போயிடுவான். ஒன்பதாவது வந்தவனுக்கு ஐம்பது வருஷம் கழிச்சு என்ன கிடைச்சுதுன்னு 22 வயசுப் பையனுக்கு நேத்து ராத்திரி சொன்னா, அது மருந்தாகாது.

ஒரு வருஷம் கிட்டத்தட்டப் பேசவே இல்ல. ராத்திரி தூங்கமாட்டான், பகல்ல எந்திரிக்கமாட்டான். ஒருநாள் அக்கா போன் பண்ணி, "தம்பி, ஸ்டோர் சாவியை அவன்கிட்ட குடுத்துடாதே"ன்னுச்சு. ஏன்னு நான் கேக்கல. ஸ்டோருக்குள்ளதான் பூச்சிமருந்து அலமாரி இருக்கு. தோட்டக்காரன் வீட்டுல அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. அன்னிக்கே மருந்தையெல்லாம் எடுத்து வேற இடத்துல வெச்சுப் பூட்டினேன். மறுநாள் அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வந்து, "மாப்ள, ராத்திரி அடுப்பைப் பாக்க ஆளில்ல, நீ இரு"ன்னேன். அவன் தனியா இருக்கக்கூடாதுன்னு நானும் அங்கயே படுத்துக்கிட்டேன்.

அடுப்புக்கு முன்னாடி உக்காந்து மூணாவது ராத்திரியில அவனாதான் பேச ஆரம்பிச்சான். கிரண் விமானம் பத்தி.

ஹெச்.ஏ.எல். நிறுவனம் பெங்களூர்ல செஞ்ச பயிற்சி விமானம் அது. முழுப்பேரு ஹெச்.ஜே.டி.-16 கிரண். 1964 செப்டம்பர் 4-ம் தேதி முதமுதலா பறந்துச்சு. நீளம் 10.60 மீட்டர், இறக்கை நுனியிலேர்ந்து நுனி வரைக்கும் 10.70 மீட்டர். நம்ம தாம்பரம் தளம் உட்பட, விமானப்படையில பல தலைமுறை விமானிகளும் ஆசிரியர்களும் பழகின வண்டி. 1996-லேர்ந்து 2011 வரைக்கும் சூரியகிரண் சாகசக் குழு பறந்ததும் இதோட ரெண்டாவது ரகத்துலதான். மத்த ஜெட் பயிற்சி விமானங்கள் பலதுல மாணவன் முன்னாடி, ஆசிரியர் பின்னாடி. கிரண்ல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல. "பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருப்பார் மாமா. தப்புப் பண்ணினா அவர் கையைப் பாத்துக் கத்துக்கலாம்"னான்.

அப்படின்னா அதையே கட்டுவோம்னு நான் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லல.

பெங்களூர்ல ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்க காட்சிக்கு நிக்கிற விமானங்களை வெளிய நின்னு பாத்தோம், படம் எடுத்தோம். அளவையெல்லாம் படத்துலேர்ந்து கணக்குப் போட்டான். சட்டத்துக்கு எங்க தோட்டத்து சில்வர் ஓக் மரம், மேல பிளைவுட். சீட்டு ரெண்டும் போடியில பழைய இரும்புக்கடையில கிடைச்ச ஜீப் சீட்டு. ஸ்டிக் ஒரு இரும்புக் குழாய், அடியில பைக் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். நிஜ விமானத்துல ஸ்டிக்கைச் சாய்க்கச் சாய்க்கக் காத்து எதிர்த்துத் தள்ளும், கைக்கு கனம் தெரியும். இங்க அந்தக் கனத்தை ஸ்பிரிங் குடுக்குது.

குழாய் எவ்வளவு சாயுதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்னக் கருவி போதும். ரேடியோவுல சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்குல்ல, அதேதான். அதைக் குழாயோட சேத்து, ஆர்டுயினோன்னு ஒரு சின்ன மின்பலகையில இணைச்சா, அது யூ.எஸ்.பி. வழியா கம்ப்யூட்டருக்கு எண்ணாக மாத்திக் குடுத்துடும். சுவிட்சு மட்டும் 40. பலகையில அத்தனை கால் இல்ல. "செடி நடுற மாதிரிதான் மாமா, நெடுக்க எட்டு, குறுக்க அஞ்சு"ன்னான். எட்டையும் அஞ்சையும் கூட்டினா 13 கால், பெருக்கினா 40 சுவிட்சு. ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு அமுங்கின மாதிரி பொய் சொல்லாம இருக்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டயோடு. மீட்டருங்க தனித்தனியா செய்யல. பலகையில வட்ட வட்டமா ஓட்டை போட்டு, பின்னாடி ஒரு பழைய டி.வி.யை நிறுத்திட்டான். டி.வி.யில ஓடுற முள்ளுங்க ஓட்டை வழியா நிஜ மீட்டர் மாதிரியே தெரியும். வெளிக்காட்சிக்கு ஸ்டோரோட சுண்ணாம்புச் சுவரும் ஒரு பழைய புரொஜெக்டரும். உள்ள ஓடுற மென்பொருள்ல பறக்கிறது பிரிட்டனோட ஜெட் ப்ராவஸ்ட். அதுவும் பக்கத்துப் பக்கத்து சீட்டுதான், கிரணோட முதல் ரகத்துல இருந்த அதே வைப்பர் குடும்பத்து எஞ்சின்தான். எட்டு மாசம் ஆச்சு. செலவு 60 ஆயிரத்துக்கு உள்ளதான்.

வீட்டுல விமானம் கட்டுறது பைத்தியக்கார வேலைன்னு சிரிச்சவங்க உண்டு. இந்தத் தொழில் தொடங்கினதே அப்படித்தான். அமெரிக்காவுல பிங்காம்டன் ஊர்ல எட்வின் லிங்க்னு ஒருத்தர். அப்பாவுக்கு ஆர்கன், பியானோ செய்யிற பட்டறை. விமானம் ஓட்டப் படிக்க ஆன செலவைப் பாத்துட்டு, ஆர்கனுக்குக் காத்தடிக்கிற துருத்தியை வெச்சே 1929-ல ஒரு பொய் விமானம் செஞ்சார். துருத்தி உப்பினா சாயும், சுருங்கினா மறுபக்கம் சாயும். ரொம்ப நாள் அது பொழுதுபோக்குப் பூங்காவுலதான் காசு போட்டு ஓடுச்சு. 1934-ல அமெரிக்க ராணுவம் தபால் விமானம் ஓட்டப் போயி, மோசமான வானிலையில வரிசையா விமானிங்க செத்தாங்க. அதுக்கப்புறம்தான் அவர்கிட்ட ஆறு பெட்டி வாங்கினாங்க. ரெண்டாம் உலகப்போர்ல பத்தாயிரத்துக்கு மேல செஞ்சாங்க. துருத்தி வெச்சிருந்தவர் துருத்தியில செஞ்சார், ஏலக்காய் ஸ்டோர் வெச்சிருக்கிறவன் ஸ்டோர்ல செய்யிறான்.

அந்த விமானிங்க ஏன் செத்தாங்கன்னு எனக்குப் புரிய வெச்சது எங்க ஜீப் டிரைவர். தினமும் விடியக்காலம் ஆளுங்களை ஏத்திக்கிட்டு, முன்னாடி பத்தடி தெரியாத மேகத்துல போடிமெட்டு வளைவெல்லாம் ஏறுறவர். "எனக்கா தெரியாது?"ன்னு உக்காந்தார். என் மாப்ள வெளிக்காட்சியை மேகமா மாத்தினான். டிரைவர் வெளிய உத்துப் பாத்துக்கிட்டே இருந்தார். விமானம் கொஞ்சம் கொஞ்சமா ஒரு பக்கம் சாஞ்சு, அவருக்குத் தெரியாமலே இறங்கி, மலையில போய் மோதுச்சு. ரோட்டுல சாஞ்சா டயர் சொல்லும், உடம்பு சொல்லும். மேகத்துக்குள்ள மெதுவா சாயிறப்ப காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு ஏமாந்துடும், நேரா போறதாவே உடம்பு நம்பும். நம்ப வேண்டியது முள்ளை மட்டும்தான். இதைப் பக்கத்து சீட்டுலேர்ந்து அவன் அமைதியா சொல்லிக் குடுத்தான். நாலாவது தடவை டிரைவர் மதுரையில எறக்கிட்டார். ஒரு வருஷம் வாய் திறக்காத பையன் அன்னிக்கு ரெண்டு மணி நேரம் விடாம பேசினான்.

மதுரையிலேர்ந்து போடிக்கு அதுல பத்து நிமிஷம். எங்க தோட்டத்துக்கு மேலயும் பறந்தோம். திரையில அது வெறும் பச்சைத் திட்டு, நிழல் மரத்தடியில இருக்கிற ஏலச்செடி ஒண்ணும் தெரியாது. மேலேர்ந்து பாக்கிறவங்களுக்கு நாம அப்படித்தான் தெரிவோம் போல.

அப்புறம் லயத்துப் புள்ளைங்க வர ஆரம்பிச்சாங்க. மொதல்ல வேடிக்கை பாக்க வந்தாங்க, இப்போ ஞாயித்துக்கிழமை காலையில வகுப்பே நடக்குது. புள்ளியை நடுவுல நிறுத்துற அந்தப் பரீட்சை மாதிரியே ஒண்ணை அவனே எழுதி வெச்சிருக்கான். எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு, அம்மா காய் எடுக்க வர்றவங்க, இருக்கிறதுலயே நல்லா நிறுத்துது. பொண்ணுங்க போர் விமானம் ஓட்டலாமான்னு அது கேட்டுச்சு. 2016 ஜூன் 18-ம் தேதி அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங்னு மூணு பேர் போர் விமானிகளா பொறுப்பேத்ததை அவன் சொன்னான். அன்னிலேர்ந்து அந்தப் பொண்ணு கிழமை தவறுறதில்ல.

இவங்கள்ல யாரும் விமானி ஆகாமலே போகலாம், அது வேற. ஆனா அந்தப் பரீட்சையில, நகரத்துப் புள்ளை கையில ஏற்கனவே பழகின குச்சி இருக்கும். நம்ம புள்ளை அன்னிக்குத்தான் அதைப் பாக்கும். அந்த ஒரு வித்தியாசத்தை ஒரு ஸ்டோர் அறையில குறைக்க முடியும்னா, எனக்கு அது போதும்.

அவன் விஷயம் கேட்டீங்கன்னா, தரைப்பணியில தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதப் போறேன்னு சொல்லியிருக்கான். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நடுவுல அதே ஆர்டுயினோவுல உலர்த்துற அறைக்கும் ஒண்ணு செஞ்சு மாட்டிட்டான். சூடு 55-ஐத் தாண்டினா மணி அடிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பாக்கிற வேலை எனக்குப் போச்சு. சுத்துவட்டாரத்துல நாலு ஸ்டோருக்குச் செஞ்சு குடுத்து, அக்கா கையில பணமும் குடுத்தான். ஸ்டோர் சாவி இப்போ அவன்கிட்டதான் இருக்கு.

ஆடியில காய் எடுப்பு மும்முரமாயிடும். அப்போ தரம் பிரிக்கிற அறை காய்க்கு வேணும். அடியில சக்கரம் இருக்கிறதால விமானத்தைத் தள்ளி மூலையில நிறுத்திடுவோம், ஞாயித்துக்கிழமை மட்டும் இழுத்துப் போடுவோம். இந்தப் பக்கம் வந்தீங்கன்னா அன்னிக்கு வாங்க. ஆனா வரிசையில நிக்கணும். உங்களுக்கு முன்னாடி பத்துப் புள்ளைங்க நிப்பாங்க.