பைரவர் வாகனத்தின் குரல்

தேய்பிறை அஷ்டமியன்று சிவாலயத்தின் வடகிழக்கு மூலையில் பைரவர் சந்நிதி முன் நிற்கும்போது, அவருக்குப் பின்னே நிற்கும் நாயையும் சேர்த்தே வணங்குகிறோம். வடைமாலை சாத்துகிறோம், மிளகு தீபம் ஏற்றுகிறோம். அதே நாய் நம் தெருவில் நின்று முகத்தை உயர்த்தி ஒருமுறை ஊளையிட்டுவிட்டால் கையில் கல்லை எடுக்கிறோம். ‘யாருக்கோ நேரம் நெருங்கிவிட்டது’ என்று முணுமுணுக்கிறோம். இந்த அச்சம் எங்கள் வீட்டுக்குள்ளும் ஒருகாலத்தில் புகுந்தது. அதை ஆராய்ந்து பார்க்கவேண்டிய கட்டாயமும் எனக்கு ஏற்பட்டது.

வங்கிப் பணியில் சின்னமனூர், கம்பம், போடி என்று பள்ளத்தாக்கு முழுவதும் சுற்றிவிட்டு, ஓய்வுபெற்றபின் தேனியில் குடியிருக்கிறோம். 2015-இல் குட்டியாக வந்த மணி, டாஷ்ஹண்ட் இனத்து நாய். நீண்ட உடல், குட்டைக் கால்கள், தொங்கும் காதுகள். குரைப்பதில் குறைவில்லாதது என்றாலும், ஏழு வயது வரை அது ஊளையிட்டு நாங்கள் கேட்டதில்லை.

மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. அதன்பின் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தேனி மக்கள் இரயிலைப் பார்க்கவில்லை. 2022 மே இறுதியில் மதுரையிலிருந்து தேனிக்கு மீண்டும் இரயில் வந்தபோது ஊரே நிலையத்தில் திரண்டது. எங்கள் வீடு தண்டவாளத்துக்கு அருகில் இருக்கிறது. இரயில்வே கேட்டை நெருங்கிய இஞ்சின் நீளமாக ஒலி எழுப்ப, மணி வாசலில் அமர்ந்து, மூக்கை வானத்துக்கு நேரே உயர்த்தி, அதே நீளத்துக்கு ஊளையிட்டது. அதன்பின் அது வழக்கமாயிற்று.

அப்போது என் தாயாருக்கு எண்பத்தெட்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் நாயைப் பற்றியே பேசினார்கள். “எமதூதர் நாயின் கண்ணுக்குத் தெரிவார்கள்” என்றார் ஒருவர், அம்மாவின் காதுபடவே. என் தங்கை என்னைத் தனியே அழைத்து, “அண்ணே, அம்மா இருக்கிற நிலைமையில இது வீட்டுல வேண்டாம். ஏதாவது தோட்டத்துல விட்டுருங்க” என்று கண்கலங்கினாள். ஊளை கேட்கும்போதெல்லாம் அம்மாவின் விரல்கள் போர்வையை இறுகப் பற்றிக்கொள்வதை நானும் கவனித்தேன். பெற்றவளின் அச்சம் ஒருபக்கம். ஏழாண்டு உடனிருந்த உயிர் மறுபக்கம்.

எதையும் ஏட்டில் பதிந்து பார்ப்பது வங்கிக்காரனின் பழக்கம். ஒரு குறிப்பேட்டை எடுத்தேன். ஊளையிட்ட நேரம், இடம், அதற்குச் சற்று முன் கேட்ட ஒலி, அப்போது வீட்டில் இருந்தவர்கள் ஆகியவற்றை ஒரு மாதம் எழுதினேன். பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் இரயிலின் ஒலியை ஒட்டியவை. சில, தெருவில் இறுதி யாத்திரைக்கு ஊதிய சங்கை ஒட்டியவை. மீதமுள்ளவை எல்லாம் நானும் மனைவியும் கோயிலுக்குப் புறப்பட்டபின் நிகழ்ந்தவை. “நீங்க தெருமுனை திரும்புற வரைக்கும் பேசாம இருக்கும்யா, அப்புறம் ஆரம்பிச்சிரும்” என்று அம்மாவே சொல்லி அந்தப் பதிவுக்கு உதவினார்.

அப்போதுதான் கம்பத்தில் பணிபுரிந்த காலம் நினைவுக்கு வந்தது. திராட்சைத் தோட்டங்களுக்குக் கடன் கொடுப்பதற்காகச் சுருளி மலையடிவாரம் வரை செல்வேன். பொழுது சாய்ந்தால் மலைப்பக்கம் நரி ஊளையிடும். உடனே தோட்டத்து நாய்கள் ஒவ்வொன்றாக ஊளையிடும். காவலுக்கு இருந்த பெரியவர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். “நரி கூப்பிடுது, நாய் பதில் சொல்லுது சார். அம்புட்டுத்தான்” என்றார்.

விலங்கியல் அறிஞர்கள் கூறுவதும் ஏறத்தாழ இதுவே. நாய்க்கு மூதாதை ஓநாய். கூட்டம் சிதறியிருக்கும்போது ஓநாய் ஊளையிடுவது, ‘நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் எங்கே?’ என்று கேட்பதற்காக. நீண்டு ஒலிக்கும் சங்கும் இரயிலின் ஒலியும் நாய்க்கு அத்தகைய அழைப்பாகவே படுகின்றன. ஒலி காதை வருத்துவதால் அழுகிறதோ என்றும் ஐயுற்றேன். ஆனால் தீபாவளி வெடிக்கு மணி கட்டிலுக்கு அடியில் ஒளிந்து நடுங்கும். இரயில் ஒலிக்கோ வாசலுக்கு ஓடிவந்து அமரும். அஞ்சிய உயிர் ஒலியை நோக்கி ஓடிவருமா?

இந்த இனத்துக்குச் சிறப்பான காரணமும் ஒன்று உண்டு. ஜெர்மானிய மொழியில் ‘டாக்ஸ்’ என்பது பேட்ஜர் என்னும் வளை தோண்டி வாழும் விலங்கு. ‘ஹுண்ட்’ என்றால் நாய். அந்த வளைக்குள் புகுந்து வேட்டையாடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் இது. மண்ணுக்கு அடியில் சென்ற நாய் எங்கே இருக்கிறது என்பதை மேலே நிற்பவர் அதன் குரலைக் கொண்டுதான் அறியவேண்டும். அதனால்தான் முழங்கால் உயரம்கூட இல்லாத உடலுக்குள் அவ்வளவு பெரிய குரல்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்தவர், “அப்ப அது தனியாக் கிடக்கப் பயந்துதான் கூப்பிடுதா? நானும் அப்படித்தானய்யா கிடக்கேன். இங்கே விடு அதை” என்றார். நோயாளியின் அறைக்குள் நாய் வரலாகாது என்று சாத்தியிருந்த கதவை அன்று திறந்தோம். நாங்கள் பிரதோஷத்துக்குப் போய்வரும் வரை மணி அம்மாவின் கட்டிலருகே படுத்திருக்கும். தனிமையில் இட்ட ஊளை சில வாரங்களில் நின்றது. இரயிலுக்குப் பதில் சொல்வது மட்டும் நிற்கவில்லை. ஊளை கேட்டதும் “வண்டி வந்துருச்சு” என்று அம்மா சிரிக்கத் தொடங்கினார்.

2023 ஐப்பசியில் ஒரு மழை இரவு, குறிப்பேட்டில் எந்தப் பகுதியிலும் அடங்காத ஊளை ஒன்று எழுந்தது. இரயில் இல்லை, சங்கு இல்லை, வீட்டில் அனைவரும் இருந்தோம். குரல் மெல்லியதாக, விட்டுவிட்டு வந்தது. மணியால் பின்னங்கால்களை ஊன்ற இயலவில்லை. விடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். நீண்ட முதுகுடைய இந்த இனத்துக்கு முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது அடிக்கடி நேரும் என்றார். தாமதித்தால் கால்கள் செயலிழக்கலாம் என்பதால் மருந்தும், சில வாரம் அசையாத ஓய்வும் விதித்தார். மணி மீண்டும் நடந்தது. அந்தக் குரலையும் அபசகுனம் என்று தள்ளியிருந்தால் அதன் நோவை யார் அறிந்திருப்பார்கள்?

நம் நூல்களில் நாய்க்கு உயர்ந்த இடமும் உண்டு. எமனுடைய இரு நாய்களை ரிக் வேதம், இறந்தோர் செல்லும் வழியைக் காக்கும் காவலர்களாகவும் காட்டுகிறது. மகாபாரதத்தில் இறுதிப் பயணம் மேற்கொண்ட தருமர், தன்னைத் தொடர்ந்துவந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்று மறுத்தார். அந்த நாய் தருமதேவதையே என்பது பின்னர் தெரிந்தது. ஊளையை மரணத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கம் எப்படி வந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நோயாளி உள்ள வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும், அறியாதவர் வந்துபோவர், நாய் அமைதியிழக்கும். உறங்காத மனிதரின் காதில் அந்த ஊளை மறக்கமுடியாமல் பதியும். காரணம் முன்னே நிற்க, காரியத்தைக் காரணமாகக் கொண்டுவிட்டோம்.

2024 தை மாதத்தில் ஒரு பின்னிரவு அம்மா உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார். அன்றிரவு மணி ஊளையிடவில்லை. கட்டிலின் கீழே முகத்தைக் கால்களுக்கிடையே வைத்துப் படுத்திருந்தது. மறுநாள் சங்கு ஊதியபோதுதான் எழுந்து வாசலுக்கு வந்து குரல் கொடுத்தது. அதை யாரும் விரட்டவில்லை. முன்பு தோட்டத்தில் விடச்சொன்ன என் தங்கை அதன் அருகில் போய் அமர்ந்துகொண்டாள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ நாய் ஊளையிட்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தொலைவில் ஏதேனும் ஒலி கேட்கிறதா என்று செவிகொடுங்கள். தனியே விடப்பட்டதா, கட்டிவைக்கப்பட்டதா, பசிக்கிறதா, முதுகையோ காலையோ தொட்டால் சுளிக்கிறதா என்று கவனியுங்கள். வயது முதிர்ந்த நாயாயின், நம்மில் சிலருக்கு நேர்வதுபோல் இரவில் தடுமாற்றமும் உண்டாகலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தால் நிரப்பி வையுங்கள். அஷ்டமியன்று ஏற்றும் தீபத்தோடு இதுவும் பைரவருக்கு உகந்த பூசையே.