வெள்ளி அரைஞாண்

ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் பக்கத்து டீக்கடை. பௌர்ணமி போய் ஒரு வாரம் ஆகிவிட்டதால் கிரிவலப் பாதை காலியாகக் கிடக்கிறது. பெஞ்சில் என்னைத் தவிர எல்லோரும் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு அம்மாவின் வலது தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவு வீக்கம். கையில் டாக்டர் சீட்டு. பக்கத்தில் இருக்கும் தம்பிக்கு அந்தச் சீட்டின்மேல் மரியாதை இல்லை.

"வயித்துப் புள்ளைக்கு எடுக்கிற ஸ்கேன எழுதிக் குடுத்துக்கிறாரு. கழுத்துக்கு இது எதுக்குக்கா? காசு போனா போவுது, எம்ஆர்ஐயே எடுத்துடலாம். அதுலதான் எல்லாம் தெரியும்."

டீக்கடைக்காரர் மகள் டவுனில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். கழுத்தில் அட்டை தொங்குகிறது. தலை பின்னிக்கொண்டே கேட்டாள்:

"அத்தை, சாப்பிடச் சொல்லோ வீங்கி, அப்பறம் வத்துதா?"

"ஆமாடி கண்ணு. புளிக்கொழம்பப் பார்த்தாலே இழுக்குது."

"எச்சில் சுரப்பில கல்லு இருக்குதான்னு பாக்கத்தான் எழுதியிருப்பாரு. எம்ஆர்ஐல சின்னக் கல்லு சரியா தெரியாது மாமா. இதுல பிடிபடலன்னா சிடி எடுக்கச் சொல்லுவாங்க."

அவள் சொன்னது சரிதான். உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனை வைத்துத்தான் எம்ஆர்ஐ படம் வரைகிறது. சுண்ணாம்புக் கல்லிலிருந்து எதுவும் வராது, வெறும் கறுப்பு. அல்ட்ராசவுண்டிலோ ஒலி கல்லில் முட்டித் திரும்பும். பின்னால் நிழல் விழும். தைராய்டும் நெறிக்கட்டியும் தோலை ஒட்டியே இருப்பதால் கழுத்தில் இந்தச் சின்ன ஸ்கேனுக்குத்தான் முதல் மரியாதை. திரையில் பார்த்தபடியே ஊசி போட்டு செல் எடுக்கலாம். கதிர்வீச்சும் கிடையாது.

தம்பி சமாதானமாகவில்லை.

பெஞ்சின் கோடியில் ஒரு பெரியவர். நாக்கு ஓரத்தில் புண். டீயை ஆறவைத்து ஆறவைத்து ஒரு பக்கமாகவே குடிக்கிறார். பேசவில்லை. பெரிய கவரிலிருந்து சிடி ஃபிலிமை உருவி அவளிடம் நீட்டினார். அவள் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். நாக்கு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளைக் கீறல்.

"கடவாய்ப் பல்லுக்கு உறை போட்டுக்கினீங்களா தாத்தா?"

வாயைத் திறந்து காட்டினார். உலோகம் மின்னியது.

சிடி முதன்முதலாகப் பார்த்ததே தலையைத்தான்: 1971 அக்டோபரில், லண்டன் விம்பிள்டனில் ஒரு பெண்ணின் மூளைக் கட்டியை. எலும்பு அரித்திருக்கிறதா, கழுத்தின் ஆழத்தில் சீழ் கோத்திருக்கிறதா என்று சட்டென்று சொல்ல இன்றும் அதுதான் வேண்டும். ஆனால் பல்லில் உலோகம் இருந்தால் கதிர் சிதறிப் படத்தைக் கெடுத்துவிடும். புண் நாக்குத் தசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் இவர் டாக்டருக்குத் தெரிய வேண்டியது. அதற்கு எம்ஆர்ஐதான் தோது. பல்லுறை அங்கேயும் கொஞ்சம் கறுப்படிக்கும். படம் முழுக்கக் கீறாது.

"பேஸ்மேக்கர், கிளிப்பு எதுனா ஒடம்புல வெச்சிருக்காங்களா?"

தலையாட்டல்: இல்லை.

"அரை மணி நேரம் ஆடாம படுக்கணும். சத்தம் ஓடச் சொல்லோ எச்சில் முழுங்கக் கூடாது, நாக்கு ஆடினா படம் கலங்கிப்பூடும். அரைஞாண கழட்டிட்டுத்தான் உள்ள வரணும்."

பெரியவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதல்முறையாக வாய் திறந்தார், வலியோடு.

"வெட்டினா சேதாரம் போவும்மா."

"கொக்கிதான தாத்தா, கழட்டினா வந்துடும்."

பஸ் திரும்புவது தெரிந்தது. தம்பி டீக்குக் காசு கொடுத்தார். அக்காவின் கையிலிருந்த சீட்டை வாங்கி மறுபடி படித்தார்.

"ஏம்மா, இதுக்கு எவ்ளோ ஆவும்?"